வலது கால் எங்கே?

என் மீது ஒரு செருப்புத் திருட்டுப் பழி விழுந்திருக்கிறது. கோயில் வாசலில் அல்ல, கல்யாண மண்டபத்திலும் அல்ல. என் வீட்டுக் கூடத்தில், ஈஸி சேரில் சாய்ந்தபடியே, இதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு வலது கால் ஷூவை நான் அமுக்கிவிட்டேனாம்.

விஷயம் இதுதான். "தினமும் நாற்பது நிமிஷம் நடங்க சார், சர்க்கரை தானா இறங்கும்" என்றார் டாக்டர். நடப்பதற்கு ஷூ வேண்டும். ஷூ வாங்கக் கடைக்கு நடக்க வேண்டும். அந்த நடையை மிச்சப்படுத்த பெங்களூரிலிருந்து பையன் போனில் வழி சொன்னான். "கடை கடையா அலையாதீங்கப்பா. ஆன்லைன்ல ஆர்டர் போடுங்க. பிடிக்கலைன்னா திருப்பிடலாம்."

'திருப்பிடலாம்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். நான் வளர்ந்த காலத்தில் ஜவுளிக் கடை கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்கும் ஊதுபத்திக்கும் நடுவில், 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று ஒரு போர்டு தொங்கும். லட்சுமி கூட அதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருப்பாள். அப்படி வளர்ந்தவனுக்கு, 'பிடிக்காவிட்டால் வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள்' என்றால் ராமராஜ்யம் வந்துவிட்டதாகத்தானே தோன்றும்?

எட்டாம் நம்பர், சாம்பல் கலர், 1,899 ரூபாய். மூன்றாம் நாள் வந்தது. பிரித்தேன். காலில் மாட்டினேன். இடது கால் கச்சிதம். வலது கால் நுழைய மாட்டேனென்று அடம் பிடித்தது. கால்தான் வீங்கிவிட்டதோ என்று பயந்து டாக்டருக்குப் போன் போடக் கிளம்பினேன். என் மனைவி இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னங்க, ரெண்டும் ஒரே பக்கமா பாக்குதே?"

இரண்டும் இடது!

சரி, திருப்பலாம் என்று போனை எடுத்தால் காரணம் கேட்டது. 'சைஸ் சரியில்லை', 'கலர் வேறு', 'பழுதான பொருள்', 'தவறான பொருள்', 'மனம் மாறிவிட்டது' என்று ஒரு பட்டியல். 'இரண்டும் இடது' என்று ஒரு காரணம் இருக்கலாம் என்று பட்டியல் போட்டவருக்குத் தோன்றவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தோன்றியது. 'தவறான பொருள்' என்று அமுக்கினேன்.

மறுநாள் ஒரு பையன் வந்தான். முதுகில் அவனைவிடப் பெரிய பை. ஷூவைப் பார்த்தான், தன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சார், என் போன்ல ஒரு லெஃப்ட், ஒரு ரைட் காட்டுது. நீங்க ரெண்டு லெஃப்ட் தர்றீங்க. மேட்ச் ஆகலை சார்."

"அதனாலதாம்ப்பா திருப்பறேன்."

"மேட்ச் ஆகாம எடுத்தா என் சம்பளத்துல பிடிச்சுடுவாங்க சார்" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் செய்தி வந்தது. 'நீங்கள் திருப்பித் தரும் பொருள், நாங்கள் அனுப்பிய பொருளோடு பொருந்தவில்லை. உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்!

வாடிக்கையாளர் சேவையில் முதலில் ஒரு இயந்திரம் என் சிரமத்துக்கு ஏழு தரம் வருத்தம் தெரிவித்தது. பிறகு நிஜமாகவே ஒரு பெண் வந்தது. நல்ல பெண், பொறுமையான பெண். "சார், சிஸ்டம்ல ஒரு ஜோடி அனுப்பினதா இருக்கு. அந்த ரைட் ஷூவையும் சேர்த்து வச்சு அனுப்பிடுங்க. உடனே ரீஃபண்ட் ஆயிடும்."

"அம்மா, அந்த ரைட் ஷூ இருந்தா நான் ஏன் திருப்பறேன்? போட்டுக்கிட்டு நடந்து போயிருப்பேனே!"

சிறிது மௌனம். "உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தியாவில் எங்கேயோ ஒருவர், எட்டாம் நம்பர் கால்காரர், இரண்டு வலது ஷூக்களோடு உட்கார்ந்து என்னைப் போலவே திருட்டுப் பட்டம் சுமந்துகொண்டிருப்பார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தால் ஐந்து நிமிஷத்தில் விவகாரம் முடிந்துவிடும். ஆனால் சிஸ்டத்தில் அதற்கு இடம் இல்லை.

* * *

கீழ் போர்ஷனில் கோமதி இருக்கிறாள். புருஷனுக்கு அம்பத்தூரில் வேலை. இவள் வீட்டில் இருந்தபடியே இளம்பிள்ளையிலிருந்து புடவை தருவித்து ஆன்லைனில் விற்கிறாள். சேலம் பக்கத்து இளம்பிள்ளைப் புடவைக்கு இன்றைக்கு இந்தியா பூராவும் கிராக்கி. கூடத்தில் பாதி புடவைக் கட்டு, மீதி அட்டைப் பெட்டி, இடுக்கில் குடும்பம்.

என் வயிற்றெரிச்சலைக் கொட்டலாம் என்று இரண்டு ஷூக்களையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். விடிய விடியத் தேடியும் அந்த வலதைக் காணோமா என்று கேட்டுக்கொண்டே என் மனைவியும் பின்னால் வந்தாள். கதவைத் தட்டினால், "சார், பேசாதீங்க, வீடியோ ஓடுது!" என்று குரல் வந்தது.

கோமதியின் பெண் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, கோமதி ஒரு பார்சலைப் பிறந்த குழந்தை மாதிரி ஏந்தி, மேல் பக்கம், கீழ் பக்கம், நாலு பக்கவாட்டு, ஒட்டிய லேபிள் எல்லாவற்றையும் காமிராவுக்குக் காட்டினாள். பிறகு கத்திரிக்கோலால் வெட்டினாள். உள்ளேயிருந்து வெளுத்துப்போன பழைய நைட்டி ஒன்று வந்தது.

"இவங்களுக்கு நான் அனுப்பினது 1,150 ரூபாய் புடவை சார்" என்றாள். அழவில்லை. அழுகிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டவள் மாதிரி இருந்தது. "பழைய நைட்டிய துவைக்கக்கூட இல்ல, பாருங்க."

அன்றைக்குத்தான் எனக்கு இந்த வியாபாரத்தின் மறுபக்கம் புரிந்தது. நாம் ஆன்லைன் 'கடை' என்கிறோம். அநேகமாக அது கடையே இல்லை, சந்தை. கோயம்பேட்டில் மார்க்கெட் ஒன்று, உள்ளே கடைகள் நூறு என்பது போல. சரக்கு கோமதியுடையது. சந்தைக்காரர் இடம் கொடுக்கிறார், கமிஷன் எடுக்கிறார், கூரியருக்கும் கணக்குப் போடுகிறார். வாங்கியவர் திருப்பினால், அவருக்குப் பணம் போய்விடும். பார்சல் ஊர் சுற்றி வந்து சேரும்போது உள்ளே நைட்டி இருந்தாலும் செங்கல் இருந்தாலும் அது விற்றவர் பாடு. குறிப்பிட்ட நாளுக்குள், வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த வீடியோவோடு முறையிடலாம்.

"முறையிட்டா குடுப்பாங்களா?"

"போன மாசம் ஒண்ணு போட்டேன் சார். 'பார்சலின் அடிப்பக்கம் தெளிவாகத் தெரியவில்லை'ன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. அதான் இப்ப ஆறு பக்கமும் காட்டறேன்."

எனக்குச் சிலிர்த்தது. மாடியில் என்னைத் திருடன் என்ற அதே சிஸ்டம், கீழே இவளைப் பொய்க்காரி என்கிறது. வாங்கியவனும் விற்றவளும் ஒரே படிக்கட்டில் நின்றுகொண்டு ஒரே மாதிரி விழிக்கிறோம்.

* * *

ஆதியில் இது இவ்வளவு சிக்கலாக இல்லை. 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் இணையத்தில் ஒரு ஏலத் தளம் தொடங்கினார். பிற்பாடு ஈபே என்று பெயர் வாங்கியது அதுதான். சோதனைக்காக அவர் முதலில் விற்றது ஒரு உடைந்த லேசர் பாயிண்டர். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போயிற்று. ஒமிட்யாருக்கே மனசு கேட்கவில்லை. 'ஐயா, அது உடைந்தது என்று தெரியுமல்லவா?' என்று வாங்கியவருக்கு எழுதிக் கேட்டார். 'தெரியும், நான் உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பவன்' என்று பதில் வந்ததாம்.

கவனியுங்கள். பொருள் பழுது. ஆனால் தகராறு இல்லை. ஏன்? விற்றவர் கேட்டார், வாங்கியவர் சொன்னார். அவ்வளவுதான்.

கூட்டம் பெருகியதும் தகராறும் பெருகியது. 1999ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் கட்ஷும் அவர் குழுவும் அதே ஈபேயில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். ஒரு மத்தியஸ்தர் உட்கார்ந்து இரண்டு தரப்புக்கும் மின்னஞ்சல் எழுதி, 'உன் கதை என்ன, உன் கதை என்ன' என்று கேட்பது. இரண்டே வாரத்தில் சுமார் 200 தகராறுகள் அவர் வாசலுக்கு வந்தன. நம் ஊர் ஆலமரமும் சொம்பும்தான், மரத்துக்குப் பதில் கம்ப்யூட்டர். இன்றைக்கு அந்த நாட்டாமை இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது ஒரு கட்டம் போட்ட பட்டியல். அதற்குக் கதை கேட்கத் தெரியாது. காரணத்தைத்தான் அமுக்கத் தெரியும்.

அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ரிடையரானவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமா? விசாரித்தேன். 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும் நம் பக்கம் நிறையவே பேசுகின்றன. ஒவ்வொரு தளத்திலும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால், 'வாங்க மாட்டேன்' என்று விற்றவர் சொல்லக் கூடாது. அந்த ஊதுபத்திப் போர்டும் பழுதான சரக்குக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் முப்பது நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர வேண்டும்.

அதற்கும் மசியவில்லையென்றால் 1915 என்று ஒரு தேசிய உதவி எண். தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஷூ எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. என் ஷூ அந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிட்டது.

குறைதீர்ப்பு அதிகாரிக்கு விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டேன். பெட்டி, லேபிள், ஷூக்களின் அடிப்பாகம் எல்லாம் படம் பிடித்து இணைத்தேன். 1915க்கும் சொன்னேன். பத்தொன்பதாம் நாள் 1,899 ரூபாய் கணக்கில் வந்து விழுந்தது. வலது கால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இடது கால்களை எடுத்துப் போகவும் யாரும் வரவில்லை. ஒன்று வாசல் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது, இன்னொன்று பால்கனிக் கதவுக்கு.

வெற்றிச் செய்தியோடு கோமதியிடம் ஓடினேன். "நீயும் 1915க்குப் போடேன்" என்றேன். பிறகுதான் உறைத்தது. அது வாங்குகிறவர்களுக்கான எண். வியாபாரத்துக்காக ஒரு சேவையைப் பயன்படுத்துகிறவர் பொதுவாக இந்தச் சட்டத்தின் கண்ணில் 'நுகர்வோர்' ஆக மாட்டார். கூடத்து இடுக்கில் குடும்பம் நடத்தும் கோமதி, சட்டத்தின் கண்ணுக்கு ஒரு வர்த்தகர். அவளுக்காக ஆறு பக்கமும் தெரியும் படங்களோடு ஒரு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். 'பரிசீலனையில்' இருக்கிறது.

* * *

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நான் ஒரு ஹீரோ. முடிக்கவிடவில்லை கோமதி.

"நைட்டி வைக்கிறவங்களப் பத்திக்கூட எனக்குக் கோபம் இல்ல சார்" என்றாள், காப்பி கொடுத்துக்கொண்டே. "திருட்டுப்பய, போகட்டும்னு மனசு ஆறிடும். கட்டிட்டுத் திருப்பறாங்க பாருங்க, அவங்களத்தான் தாங்க முடியல. எல்லாம் நல்ல குடும்பம் சார். விலாசத்தப் பாத்தாலே தெரியும். விசேஷத்துக்குக் கட்டிப்பாங்க. டேக் அப்படியே இருக்கும். மடிப்பப் பிரிச்சா மல்லியப்பூ வாசனை. ஓரத்துல சந்தனம். காரணம் என்ன போடுவாங்க தெரியுமா?"

எனக்குத் தெரியும்.

"கலர் வேற" என்றாள் கோமதி.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கோமதி வீட்டு சீலிங் ஃபேனை, முதல் முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன தை மாசம் என் தங்கை பேத்திக்கு வளைகாப்பு. சூரத்திலிருந்து ஒரு கடுகுக் கலர் புடவை, 2,400 ரூபாய். 'வளைகாப்புக்குக் கட்டிண்டு போறது, அப்புறம் யார் கட்டப்போறா' என்று குடும்பத்தில் ஒரு யோசனை. யார் யோசனை என்பதைப் பகிரங்கப்படுத்தினால் இந்த வாரம் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. டேக்கை உள்பக்கமாக மடித்துப் பின் குத்தியாயிற்று. நலங்கு, சந்தனம், ஐந்து வகைச் சாதம், போட்டோ. மூன்றாம் நாள் புடவை சூரத்துக்கு ரயிலேறியது. போனில் 'கலர் வேறு' என்ற கட்டத்தை அமுக்கிய விரல் யாருடையது என்று கேட்கிறீர்களா? இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறதே, அதே விரல்தான்.

நியாயம் கேட்டு 48 மணி நேரம், ஒரு மாதம் என்று சட்டம் பேசியவன் நான். சூரத்தில் ஒரு கோமதி அந்தப் பார்சலைப் பிரித்து முகர்ந்து பார்த்திருப்பாளே, அவள் எந்த எண்ணுக்குப் போன் பண்ணுவாள்?

பழைய கடையாக இருந்தால் இது நடந்தே இருக்காது. சந்தனக் கறைப் புடவையை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் முகத்துக்கு நேரே 'கலர் வேற' என்று சொல்ல என்னால் முடியுமா? நாக்கு எழும்பாது. முகம் இல்லாத இடத்தில் பொய்க்குக் கூச்சம் இல்லை, அவ்வளவுதான். சில தளங்கள் அடிக்கடி திருப்புகிறவர்களின் கணக்கைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரே ஒரு வளைகாப்பு அதில் சிக்காது. ஆனால் நம்மைப் போன்ற நல்ல குடும்பங்களின் ஒவ்வொரு 'ஒரே ஒரு'வும் சேர்ந்துதான், நிஜமாகவே இரண்டு இடது வந்தவனை யாரும் நம்பாமல் போகிறார்கள். என் வலது கால் ஷூவை யார் எடுத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பங்கு நானும்தான்.

* * *

"அந்தப் பணத்தத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் என் மனைவி, ராத்திரி பத்து மணிக்கு.

தளத்தில் பொருளைத் திருப்ப வழி இருக்கிறது. பாவத்தைத் திருப்ப வழி இல்லை. ஆனால் அதே 2020 விதிகள், விற்பவரின் பெயர், விலாசம், தொடர்பு எண் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. தேடினேன், இருந்தது. சூரத்துக்குப் போன் போட்டேன். என் ஹிந்தி, 'பிராத்மிக்' பாஸ் செய்த ஹிந்தி. அதற்கு மேல் போகவில்லை.

"மைனே சாடி பெஹன்கே வாபஸ் பேஜா" என்று ஆரம்பித்தேன். நானே புடவை கட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியதாக அர்த்தம் வருகிறது என்பது பாதியில்தான் புரிந்தது. எதிர்முனையில் திகைத்த மௌனம். பேச்சை மாற்ற, "பைசா தூங்கா! பைசா தூங்கா! யு.பி.ஐ. நம்பர் போலோ!" என்று கத்தினேன்.

"ஓ.டி.பி. நஹீ தூங்கீ!" என்று ஒரு பெண் குரல் அலறியது. போன் கட்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரம் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். பணம் பிடுங்கக் கூப்பிடுகிறவர்கள் நிறைந்த உலகத்தில், பணம் கொடுக்கக் கூப்பிடுகிறவனை யார் நம்புவார்கள்? அவர்கள் செய்ததுதான் புத்திசாலித்தனம்.

கடைசியில் என் மனைவியே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே கடையில் இன்னொரு புடவை வாங்குவது, திருப்பாமல் வைத்துக்கொள்வது. நஷ்டத்தில் கொஞ்சமாவது ஈடாகட்டும். போன் திரையில் மயில் கழுத்துக் கலர், ஜொலித்தது. நாலாம் நாள் வந்தது. பிரித்தாள். ஜன்னல் பக்கம் கொண்டு போனாள். டியூப் லைட் அடியில் பிடித்தாள். வாசல் வெயிலில் விரித்தாள்.

சுத்தமான பாசிப் பச்சை!

"என்ன இது, கலர் நிஜமாவே வேறயா இருக்கே!" என்றேன். சட்டம் முழுக்க எனக்கு மனப்பாடம். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள், திருப்ப முழு உரிமை உண்டு. "இது நியாயமான கேஸ். திருப்பிடலாமா?"

அவள் புடவையை நிதானமாக மடித்து, டேக்கைக் கத்திரிக்கோலால் வெட்டி எறிந்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருப்பறது? 'கலர் வேற'ங்கிறதைத்தான் போன தடவையே செலவு பண்ணிட்டோமே!"